செக்குபந்தி

ஏழு பத்து பஸ்ஸில் உட்கார இடம் வேண்டுமென்றால்
ஏறுகிற நிறுத்தத்தை விட்டு
பின்னால் கால் மணி நேரம் நடக்க வேண்டும்.
நடக்கிறேன்.
வேலை புதுச்சேரியில், வாடகை கடலூரில்.
இடம் மாற்றிக்கொள்ள
மாதம் ஒன்பதாயிரம் இடிக்கிறது.

முள்ளோடை தாண்டினால்
பெட்ரோல் விலை இறங்கும், பாட்டில் விலை இறங்கும்.
மண் மட்டும் ஏறும்,
நிறுத்தத்துக்கு நிறுத்தம், டிக்கெட் மாதிரி.
கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்.
அரியாங்குப்பம் பாலத்துக்கு அந்தப் பக்கம்
நாங்கள் விசாரிப்பதே இல்லை.

எங்கள் ஊர்க் குழி நான்கு சேர்ந்தால்
அவர்கள் ஊர்க் குழி ஒன்று.
புரோக்கர் தனகோடி
விலை சொல்லும்போது சின்னக் குழியில் சொல்வார்,
கையை விரித்துக் காட்டும்போது பெரிய குழி.

மாடியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
பத்திரம் எழுதும் ஆபீஸ்.
காலையிலிருந்து வீடுகளை டைப் அடிக்கிறேன்.
மாவடை மரவடை உட்பட,
தானாதி வினிமய விற்கிரையங்களுக்கு யோக்கியமாய்,
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்,
சர்வ சுதந்திரத்துடன்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.
இதெல்லாம் பழைய ஃபைலிலேயே இருக்கும்.
பெயரையும் எண்ணையும் மாற்றினால் போதும்.

புதன்கிழமை லூர்துமேரி அக்கா ஒரு ஃபைல் தந்தார்.
மனை எண் நாற்பத்தொன்று.
வடக்கில் நாற்பதாம் எண் மனை,
தெற்கில் இருபதடி ரோடு,
மேற்கில் நாற்பத்திரண்டு,
கிழக்கில் வாய்க்கால் புறம்போக்கு.
வாய்க்காலை வைத்துத்தான் தெரிந்தது.

மார்கழி கடைசி ஞாயிறு
ஞானவேல் அங்கே காலடி வைத்து அளந்தார்.
அகலம் பன்னிரண்டு, நீளம் இருபது.
நெருஞ்சி குத்திய செருப்பைக் கையில் பிடித்தபடி
ஒற்றைக் காலில் நின்று
"இங்க கிச்சன்" என்றார்.
ஒரே ஒரு ஈச்சமரம் இருந்தது.
அதில் என் கைப்பையை மாட்டியிருந்தேன்.
பதினாலுக்குக் கேட்டோம்.
நகைக்கடன் வரும்வரை, சித்திரை வரை,
பொறுக்கச் சொன்னோம்.
தனகோடி தலையாட்டினார்.
எல்லாவற்றுக்கும் ஆட்டுகிற தலை அது.

வாங்குபவர் ரெயூனியனில் இருக்கிறாராம்.
மனையை வாட்ஸ்அப்பில் பார்த்தாராம்.
கையெழுத்துக்கு மச்சான் வருவார்.
பத்திரத்தில் பதினொன்று,
லூர்துமேரி அக்கா காதோடு சொன்னது பத்தொன்பது.

மரவடை உட்பட என்று அடித்தேன்.
அந்த ஒரு மரம் உட்பட.

மனை எண்ணை மட்டும் பதினான்கு என்று அடித்துவிட்டேன்.
"கண்ணு எங்க இருக்கு ஒனக்கு?"
திருத்தினேன்.
தெரிந்தே செய்தாயா என்று
அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
எனக்கும் தெரிந்திருக்கும்.

ஆல்பேட்டை செக்போஸ்ட்டில்
வண்டியை நிறுத்திப் பைகளைத் தடவினார்கள்.
டிபன் பாக்ஸ், குடை,
அரைக் கிலோ கத்தரிக்காய்.
போங்க என்றார்கள்.

அவர் மொட்டைமாடியில்
காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்.
நாற்பத்தொன்று போச்சு என்றேன்.
"வாய்க்கா ஓரம்தானே, மழைக்குத் தண்ணி நிக்கும்."
மார்கழியில் அதே வாய்க்காலுக்கு
"காத்து வரும்" என்றிருந்தார்.
என் சுடிதார் துப்பட்டாவை நான்காக மடித்தார்,
பிரித்தார்,
மறுபடி மடித்தார்.
"எவ்ளோவுக்கு?"

சொன்னேன்.

தண்ணீர்த் தொட்டி நிரம்பி
சுவரோரம் வழிய ஆரம்பித்திருந்தது.
இருவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.
கீழேயிருந்து வீட்டுக்காரர் கலியபெருமாளின் குரல்:
"மேல யாரு? மோட்டார நிறுத்துங்க!"